கப்பல் சாப்பாடு: எந்தப் பந்தியில் உட்காரலாம்?

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது நீச்சல் குளமும் சறுக்குமரமும்தான். போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் முதலில் பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். "விடியக்காலையில் ஆரம்பித்து நள்ளிரவு வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார்கள்" என்பார் ஒருவர். "ஒரு வாரமும் ரொட்டியும் பழமும்தான் சாப்பிட்டோம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. போன கம்பெனிதான் வேறு வேறு.

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் கப்பலில் போய்வருவது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இப்போது பழகிய விஷயமாகிவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கோர்டிலியா கப்பல் புறப்பட்டது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோர்கள் மியாமியில் கப்பலேறி கரீபியத் தீவுகளைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். எங்கே டிக்கெட் போட்டாலும் டிராவல் ஏஜென்ட் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "சாப்பாடெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம், சார்."

அது உண்மைதான். ஆனால் எந்தச் சாப்பாடு, எந்த நேரத்தில், எந்த மேசையில் என்று கேட்டால் கம்பெனிக்குக் கம்பெனி பதில் மாறும். "எங்கள் கப்பலில் இருபது உணவகங்கள்" என்று ஒரு கம்பெனி சொன்னால், அதில் எத்தனை டிக்கெட்டுக்குள் வருகின்றன, எத்தனைக்குத் தனிக் காசு என்பதை விளம்பரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உணவகங்களை எண்ணிக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. கூடுதல் காசு வாங்காமல் ராத்திரிச் சாப்பாடு போடும் பெரிய கூடத்தில் என்ன பரிமாறுகிறார்கள், எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று பார்த்தால் அந்தக் கம்பெனியின் தரம் தெரிந்துவிடும்.

முதல் பந்தி, இரண்டாம் பந்தி

கப்பல்காரர்கள் 'மெயின் டைனிங் ரூம்' என்று சொல்லும் அந்தக் கூடம், பெரிய கப்பல்களில் இரண்டு, மூன்று தளங்களுக்கு உயர்ந்து நிற்கும். வெள்ளை மேசைவிரிப்பு, துணி நாப்கின், மேசைக்கென்று ஒரு பரிமாறுபவர், அவருக்கு ஓர் உதவியாளர். பழைய வழக்கப்படி இங்கே சாப்பாடு நம் கல்யாண வீட்டைப் போல முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நடக்கும். முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாவது எட்டு, எட்டரைக்கு. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே ஆட்கள். இரண்டாம் நாளே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உங்களுக்குக் காரம் வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஐஸ் இல்லாத தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

இந்த முறையைப் பெரிய அளவில் உடைத்தது நார்வீஜியன் க்ரூஸ் லைன். ஆசியாவின் ஸ்டார் க்ரூஸஸ் அந்தக் கம்பெனியை வாங்கிய 2000ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல் க்ரூஸிங்' அறிமுகமானது. குறித்த நேரம் கிடையாது, குறித்த மேசை கிடையாது, கோட்டும் டையும் கட்டாயமில்லை. பசிக்கும்போது எந்த உணவகத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். அப்போது இது பெரிய புரட்சி. மற்ற கம்பெனிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழிக்கு வந்தன. ராயல் கரீபியனில் இன்றைக்கு இரண்டு ஏற்பாடும் உண்டு, பதிவு செய்யும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

என்னைக் கேட்டால், வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் பழைய பந்தி முறைதான் நல்லது. தினமும் புது ஆளிடம் "முட்டை கூடாது, மீன் சாஸ் கூடாது" என்று ஆரம்பத்திலிருந்து விளக்குவது பெரும்பாடு. ஒரே ஆள் பரிமாறினால் முதல் நாளோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். சுதந்திரம் என்று சொல்லி விற்பதில் இந்த நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

டிஸ்னி இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தது. 1998இல் டிஸ்னி மேஜிக் கப்பல் ஓடத் தொடங்கியபோதே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று உணவகங்களை வைத்தார்கள். இன்று இதில் சாப்பிட்டால் நாளை அடுத்ததில். உங்களோடு உங்கள் பரிமாறுபவரும் உணவகம் உணவகமாக வருவார். இடம் புதிது, ஆள் பழையவர். குழந்தைக்கு எந்தத் தட்டில் எதை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். குளிர்பானத்துக்கும் அங்கே தனிக் காசு இல்லை. டிக்கெட் விலை கனம்தான். ஆனால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ராத்திரிச் சாப்பாட்டு ஏற்பாடு கடலில் வேறில்லை என்பேன்.

ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் வாயேஜஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அதன் ஸ்கார்லெட் லேடி கப்பலில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. பஃபே இல்லை, மெயின் டைனிங் ரூமும் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட சாப்பாட்டு இடங்கள், எல்லாமே டிக்கெட் விலைக்குள். மேசையிலேயே இறைச்சி வாட்டித் தரும் கொரிய உணவகம் ஒன்று, மெக்சிகோ உணவகம் ஒன்று, காய்கறிக்கு முதலிடம் தரும் உணவகம் ஒன்று. எது இலவசம், எது காசு என்ற கேள்வியே எழாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. குடும்பத்தோடு போக முடியாது என்பதுதான் குறை.

தனிக் காசு வந்த கதை

கப்பலில் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம் இன்று நேற்று வந்ததில்லை. 1905இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அமெரிக்கா லைன், 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ் கார்ல்டன் பெயரில் ஓர் உணவகம் திறந்தது. மெனு வகுத்தவர் பிரெஞ்சுச் சமையலின் சக்கரவர்த்தி எஸ்காஃபியே. பணக்காரப் பயணிகள் பொதுக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். 1912இல் டைட்டானிக்கிலும் லூயிஜி காட்டி என்பவர் நடத்திய அப்படியோர் உணவகம் இருந்தது. கப்பல் மூழ்கியபோது அதன் ஊழியர்களில் மூன்றே பேர்தான் பிழைத்தார்கள்.

பிற்காலத்தில் ஒரே டிக்கெட், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்ற நிலை வந்தது. இப்போது சக்கரம் மறுபடியும் திரும்பியிருக்கிறது. பெரிய கம்பெனிகளின் ஸ்டேக் ஹவுஸில் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு 50 டாலருக்கு மேல் ஆகும். அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் தானாகச் சேரும். நான்கு பேர் குடும்பம் ஒரு ராத்திரி அங்கே உட்கார்ந்தால் நம்மூர்க் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும்.

இரண்டு பெரிய கம்பெனிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் போனது. எல்லாப் படுக்கையும் நிறைந்தால் 7,600 பயணிகள் வரை ஏறும் ராட்சதக் கப்பல் அது. சாப்பிடும் இடங்கள் இருபதுக்கு மேல். விண்ட்ஜாமர் பஃபே, பெரிய உணவறை, பீட்சா, சாண்ட்விச், அக்வாடோமில் உள்ள உணவுச் சந்தை ஆகியவை டிக்கெட்டுக்குள். சாப்ஸ் கிரில், இசுமி சூஷி, இத்தாலிய உணவகம், எம்பயர் சப்பர் கிளப் எல்லாம் தனிக் காசு. அறைக்குக் கொண்டுவந்து தரச் சொன்னால், காலை நேர ரொட்டி, காபி தவிர மற்றவற்றுக்கு ஏறக்குறைய 8 டாலர் கட்டணம். கப்பல் பெரிதாகப் பெரிதாக இலவசமும் கூடுகிறது, காசும் கூடுகிறது.

கார்னிவல் எளிய மக்களின் கப்பல் என்று பெயரெடுத்தது. அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் நம்பிப் போகும் கம்பெனி. அதன் பலம், மேல்தளத்தில் நீச்சல் குளத்தின் ஓரத்தில் கிடைக்கும் இலவசச் சாப்பாடு. தொலைக்காட்சிச் சமையல்காரர் கை ஃபியேரியோடு சேர்ந்து 2011இல் கார்னிவல் லிபர்ட்டியில் திறந்த பர்கர் கடை இன்று அவர்கள் கப்பல்களின் அடையாளமாகிவிட்டது. பக்கத்தில் மெக்சிகோ டாக்கோ கடை. பீட்சா ராத்திரி வெகுநேரம் வரைக்கும் கிடைக்கும். ஆனால் உணவறையில் மூன்றாவது மெயின் டிஷ் கேட்டால் 5 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். தொகை சின்னதுதான். கேட்டதைத் தயங்காமல் கொண்டுவந்து வைத்த பழைய கப்பல் உபசாரத்தில் விழுந்த முதல் விரிசல் அது என்பதுதான் வருத்தம்.

உணவறையின் தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் பயணி தானாகவே காசு கொடுக்கும் கதவைத் தட்டுவார். எந்தக் கம்பெனியும் வேண்டுமென்றே இதைச் செய்கிறது என்று சொல்ல வரவில்லை. கணக்குப் பார்க்கும் எவருக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும். அதனால்தான் பெரிய உணவறையை விட்டுக்கொடுக்காத கம்பெனிகளைப் பயணிகள் தேடிப் பிடித்து ஆதரிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவை இருக்கின்றன. செலிபிரிட்டி கம்பெனி 2018இல் எட்ஜ் கப்பலைக் கட்டியபோது ஒரே ராட்சதக் கூடத்துக்குப் பதிலாக, கூடுதல் கட்டணம் இல்லாத நான்கு தனி உணவறைகளை வைத்தது. சத்தம் குறைந்தது, சாப்பாடு மேசைக்குச் சூடாக வருகிறது. ஹாலந்து அமெரிக்கா லைன், கப்பல் நிற்கும் துறைமுகங்களிலேயே மீன் வாங்கி 48 மணி நேரத்துக்குள் தட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் நடத்துகிறது. அலாஸ்காவில் சால்மன், நார்வேயில் காட் மீன் என்று போகும் கடலுக்கேற்ற சாப்பாடு. உறைய வைத்த ஒரே மீனை உலகமெல்லாம் சுற்றிப் பரிமாறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னும் மேலே போனால் ஓசியானியா. பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோலுக்குச் சமைத்த ழாக் பெப்பன் வழிகாட்டிய சமையல் அதனுடையது. இத்தாலிய உணவகம், ஆசிய உணவகம், ஸ்டேக் ஹவுஸ் எதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. வைக்கிங் கடல் கப்பல்களிலும் அப்படியே, அதோடு மதியமும் ராத்திரியும் சாப்பாட்டுடன் பீரும் ஒயினும் சேர்த்தி. சில்வர்சீ 2021இல் சில்வர் மூன் கப்பலில் தொடங்கிய சால்ட் திட்டத்தில், கப்பல் போகும் ஊரின் சமையலையே அன்றன்று மெனுவாக வைக்கிறார்கள். இவற்றின் டிக்கெட் விலை மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதனால் எல்லோருக்கும் இவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பெரிய கப்பலில் மலிவு டிக்கெட் எடுத்து, தினமும் தனிக் காசு கொடுத்துச் சாப்பிட்டு, குடிபானப் பேக்கேஜும் வாங்கியவர்கள் கடைசி நாள் பில்லைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

கியூனார்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1840 முதல் கப்பல் ஓட்டும் அந்தக் கம்பெனியில் இன்றும் அறையின் தரத்தை வைத்துத்தான் உணவறை. சாதாரண அறைக்காரர்களுக்கு பிரிட்டானியா, அதற்கு மேலே பிரின்சஸ் கிரில், எல்லாவற்றுக்கும் மேலே குவீன்ஸ் கிரில். சாப்பாட்டில் இப்படித் தரம் பிரிப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் அதே கப்பல்களில் மாலை நேரத்தில் வெள்ளைக் கையுறை அணிந்தவர்கள் பரிமாறும் டீயும் ஸ்கோனும் எல்லோருக்கும் ஒன்றே. குவீன் மேரி 2 கப்பலின் பெரிய நடனக்கூடத்தில் உட்கார்ந்து அதை அனுபவிப்பதற்காகவே போகிறவர்கள் உண்டு.

ஐரோப்பாவில் வேறு வழக்கம்

அமெரிக்கக் கப்பலில் பழகிவிட்டு எம்.எஸ்.சி., கோஸ்டா போன்ற இத்தாலிய வேர் கொண்ட கம்பெனிகளில் ஏறினால் முதல் நாளே ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். ஐரோப்பியப் பயணங்களில் உணவு மேசைக்கு வரும் தண்ணீர் பாட்டிலுக்கும் பில் வரும். அங்கே ஓட்டல்களிலும் அதுதான் வழக்கம். ராத்திரிச் சாப்பாடும் தாமதமாகத்தான் தொடங்கும். ஆனால் பாஸ்தாவும் பீட்சாவும் ரொட்டியும் அமெரிக்கக் கப்பல்களில் கிடைக்காத தரம். முட்டையோ இறைச்சியோ இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிட இத்தாலியச் சமையலில் நிறைய வழி இருப்பதால் சைவக்காரர்களுக்கும் அங்கே பெரிய சிரமம் இல்லை.

ஜெர்மானியரின் ஐடா கப்பல்களில் பஃபே உணவகங்கள்தான் பிரதானம். சாப்பாட்டு நேரத்தில் அங்கே பீரும் ஒயினும் குளிர்பானமும் மேசையிலேயே இலவசம். கப்பலில் பேச்சுமொழி ஜெர்மன் என்பதால் நம்மவர்கள் அதிகம் போவதில்லை.

நம் நாக்குக்கு எங்கே கிடைக்கும்?

இந்தியச் சாப்பாட்டுக்குக் கடலில் நல்ல காலம் இது. 2010இல் பிரிட்டனின் பி அண்ட் ஓ கம்பெனி அசூரா கப்பலில் 'சிந்து' என்ற உணவகத்தைத் திறந்தது. மெனு வகுத்தவர் மிஷலின் நட்சத்திரம் பெற்ற அதுல் கோச்சர். கறியில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றே சொல்லத்தக்க பிரிட்டிஷ் பயணிகளுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. கூடுதல் கட்டணம் உண்டு.

கார்னிவலின் உணவறை மெனுவில் ஓர் இந்தியச் சைவ உணவு இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். பருப்பு, காய்கறி, சோறு, ரொட்டி என்று ஒரு தட்டில் வரும். அவர்களின் சில கப்பல்களில் தந்தூரிக்கென்றே தனி இடம் உண்டு. செலிபிரிட்டி, ராயல் கரீபியன் பஃபேக்களில் இந்தியக் கறி வகைகள் வைப்பதற்கு ஒரு மூலை இருக்கும். இதற்குக் காரணம் பயணிகள் மட்டுமில்லை. கப்பலின் அடித்தளத்தில் சமைக்கிற, பரிமாறுகிற, பாத்திரம் கழுவுகிற ஊழியர்களில் பெரும் பங்கு இந்தியர், பிலிப்பினோ, இந்தோனேசியர். அவர்களுக்கென்று தனிச் சமையல் தினமும் நடக்கிறது. அங்கே சோறும் குழம்பும் இல்லாத நாளே கிடையாது.

இந்த விஷயத்தில் மெனு அட்டையைவிட உதவுவது ஒரு மனிதர்தான். உணவறையில் பரிமாறுபவர்களுக்கு மேலே ஹெட் வெயிட்டர் என்று ஒருவர் இருப்பார். கரீபியக் கப்பல் ஒன்றில் பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க் குடும்பம். சுத்த சைவமான பாட்டியம்மா முதல் நாள் சாலட்டைக் கொறித்துவிட்டு எழுந்துவிட்டார். அதைக் கவனித்த ஹெட் வெயிட்டர் அருகே வந்து, மலையாள வாடையடிக்கும் தமிழில், "அம்மா, நாளைக்கு அந்தக் கார்டைப் பார்க்கவே வேண்டாம். எரிவு வேணுமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். மறுநாள் வந்தது: பாசிப்பருப்பு கூட்டு, வெண்டைக்காய் வறுவல், தயிர், சூடான சோறு. மெனுவில் அது எதுவும் இல்லை, பில்லிலும் இல்லை. முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகளில் இது நடக்கும். ஏனென்றால் மறுநாள் பருப்பை ஊறவைக்கவும் காய் நறுக்கவும் சமையலறைக்கு நேரம் வேண்டும். தோசை, இட்லியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாவரைத்துப் புளிக்கவைக்கும் ஏற்பாடு எல்லாக் கப்பலிலும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீம் கப்பல் இந்தியப் பயணிகளைக் கணக்கில் வைத்தே நடப்பது. லிடோ என்ற அதன் பஃபேயில் இந்தியச் சைவமும் ஜைன உணவும் உண்டு, ஹலால் உணவும் உண்டு. கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள், பெரியவர்களின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் கரையிலிருந்து போவது கோர்டிலியாவின் எம்ப்ரஸ். 1990இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல், கைமாறி 2021இல் மும்பையிலிருந்து புதுப்பெயரோடு ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கை போனபோது யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையையும் தொட்டது. ஃபுட் கோர்ட்டும் ஸ்டார்லைட் என்ற உணவறையும் டிக்கெட்டுக்குள், சாப்ஸ்டிக்ஸும் செஃப்ஸ் டேபிளும் தனிக் கட்டணம். வட இந்தியச் சமையலின் கை ஓங்கியிருக்கும், ஜைன உணவு தனியாகக் கிடைக்கும். பெரிய சர்வதேசக் கப்பல்களின் பகட்டு இங்கே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்காக யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற நிம்மதி உண்டு. அது சின்ன விஷயமில்லை.

அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால்

சில கப்பல்களில் பயணிகளைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் காட்டுவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றுவது, நெருப்பைக் காணோமே என்பதுதான். கடலில் தீ விபத்தைவிடப் பெரிய பயம் இல்லை என்பதால் கேஸ் அடுப்பு கிடையாது, எல்லாமே மின்சாரம். சூப் கொதிக்கும் சாய்க்கக்கூடிய பெரிய எஃகுப் பானைகள், அலையில் பாத்திரம் வழுக்காமல் இருக்க அடுப்போரத்தில் தடுப்புக் கம்பிகள். சுவரில் அன்றைய ஒவ்வொரு உணவின் புகைப்படமும் ஒட்டியிருக்கும். ஆயிரமாவது தட்டும் அந்தப் படத்தைப் போலவே இருந்தாக வேண்டும்.

ராத்திரிப் பந்தி தொடங்கிய கால் மணி நேரத்தில் பரிமாறுபவர்கள் வரிசை கட்டி உள்ளே வருவார்கள். பெரிய நீள்வட்டத் தட்டு ஒன்றில் மூடி போட்ட பீங்கான்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆடும் கப்பலில் எஸ்கலேட்டர் ஏறி வெளியே போகிறார்கள். முகத்தில் சிரிப்பு மாறாது. மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல், ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை இல்லாமல் உழைப்பவர்கள் இவர்கள். சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பே எவ்வளவு பெரியது பாருங்கள். தட்டில் வைத்ததை ருசி பார்க்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பயணமும் முடியும் நாளில் துறைமுகத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் பழைய பயணிகள் இறங்கி, மாலையில் புதியவர்கள் ஏறிக் கப்பல் நகர்வதற்குள் அடுத்த பயணத்துக்கான அரிசி, மாவு, முட்டை, இறைச்சி, காய்கறி அத்தனையும் குளிர்கிடங்குகளுக்குள் போயாக வேண்டும். கீரை, பழம் போன்றவை முதல் இரண்டு மூன்று நாளில் பஃபேயில் தாராளமாக இருப்பதும், கடைசி நாள்களில் கிழங்கும் கோசும் அதிகமாவதும் இதனால்தான்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. முன்னறிவிப்பில்லாமல் சோதிக்கிறது. நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள், 86 எடுத்தால்தான் தேர்ச்சி. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. கப்பல் வாரியாக மதிப்பெண்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமான நோரோ வைரஸ் சானிட்டைசருக்கு அவ்வளவாக மசியாது. பஃபே வாசலில் திரவம் தெளித்துவிட்டுப் போவது போதாது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும்.

வீணாகும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் உணவுக்கழிவைக் கடலில் கொட்டச் சர்வதேச விதி அனுமதிக்கிறது. 25 மில்லிமீட்டர் சல்லடையில் புகும் அளவுக்கு அரைத்தால் பெரும்பாலான கடல்களில் 3 மைலுக்கு அப்பாலே போதும். கோஸ்டா, மீந்த உணவைத் துறைமுக ஊர்களில் உள்ள உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை 2017இல் தொடங்கியது. மற்ற கம்பெனிகளும் மிச்சத்தைக் குறைக்க இயந்திரங்கள் வைக்கின்றன. ஆனால் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு வந்து பாதியை விட்டுவிட்டு எழுவதை எந்த இயந்திரமும் தடுக்காது. பந்தியில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனம் பதைக்கும் வீடுகளிலிருந்து போகிறவர்கள் நாம். கப்பலிலும் அந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

பதிவு செய்வதற்கு முன்பு

ஏஜென்டிடம் உணவகங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிக்கெட்டுக்குள் எத்தனை இடம், குறித்த மேசை உண்டா, தண்ணீருக்கும் டீக்கும் காசு உண்டா என்று கேளுங்கள். சைவம், ஜைனம், ஹலால், ஒவ்வாமை எதுவானாலும் பதிவின்போதே எழுதிக் கொடுத்து, அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு மின்னஞ்சல் சாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தனிக் கட்டண உணவகத்தில் ஒரு ராத்திரி சாப்பிட ஆசையிருந்தால் பயணத்துக்கு முன்பே இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும்.

குழந்தைகளோடு என்றால் டிஸ்னி. பெரியவர்களோடு, சைவமாக, சிங்கப்பூரிலிருந்து என்றால் ஜென்டிங் ட்ரீம். கரீபியக் கடலில் சிக்கனமாக என்றால் கார்னிவல், கொஞ்சம் தாராளமாக என்றால் செலிபிரிட்டி. சாப்பாட்டுக்காகவே கப்பலேறும் வசதி இருந்தால் ஓசியானியா. எதில் போனாலும் முதல் ராத்திரி பஃபே பக்கம் போகாமல் பெரிய உணவறையில் உட்காருங்கள், ஹெட் வெயிட்டரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு என்ன சேரும், என்ன சேராது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.